இரும்பு ரிம் வாங்கும் முன்: ஹப்பில் தொடங்கி நட் வரை

பெங்களூரு ஜே.சி. ரோட்டில் எந்த ரிம் கடையில் ஏறிக் கேட்டாலும், காட்டுகிற சரக்கோடு கூடவே "உக்காந்துரும் சார்" என்ற உத்தரவாதமும் வரும். கன்னடத்தில் கேட்டால் "ஆகுத்தே சார்". பெரும்பாலும் உட்கார்ந்தும் விடும். ஆனால் ஹப்பில் (சக்கரம் பதியும் நடுப்பகுதி) நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டட்டுகளில் (நட் ஏறும் மரைக் கம்பிகள்) ஏறி நிற்பதை வைத்து, காட்டுப் பாதையில் ஓடும் ஜீப் வகை வண்டிக்கு ரிம் பொருந்திவிட்டது என்று சொல்ல முடியாது. முழு ஸ்டீயரிங் ஒடித்து, ஆட்களை ஏற்றி, ஒரு சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போதும் அந்த ரிம் எதையும் உரசாமல், நட் தளராமல், காற்று இறங்காமல் இருக்க வேண்டும். அதற்கான கணக்கை வீட்டு வாசலிலேயே போட்டுவிடலாம். கடைக்குப் போவது அதற்குப் பிறகுதான்.

முதலில் ஒரு கேள்வி: இரும்பு ரிம் தேவைதானா? வாரத்தில் ஆறு நாள் சில்க் போர்டு சிக்னலில் நிற்பதும், ஏழாம் நாள் தார் ரோட்டில் நந்தி மலை ஏறுவதும்தான் வண்டியின் வேலை என்றால் அலாய் (அலுமினியக் கலவை) ரிம்மையே வைத்துக்கொள்ளுங்கள். 15×7 அளவு (15 அங்குல விட்டம், 7 அங்குல அகலம்) இரும்பு ரிம் ஒன்று ஏறத்தாழ 10 கிலோ இருக்கும். டயரையும் பெரிதாக்கினால் பிரேக், ஸ்டீயரிங், மைலேஜ் மூன்றிலும் அது தெரியும். இரும்பின் உண்மையான லாபம் ஒன்றுதான். ராமநகரம், கோலார் பக்கத்துக் கருங்கல் விளிம்பில், பிடிப்புக்காக டயரில் 18 பி.எஸ்.ஐ.க்குக் குறைத்த காற்றோடு இடித்தால் அலாய் விரிசல் விடும். காற்று மொத்தமும் போகும். இரும்பு வளையும். வளைந்ததைச் சுத்தியலால் நிமிர்த்தி, காற்றடித்து, வீடு வந்து சேரலாம். இந்த லாபத்துக்காகத்தான் வாங்குகிறோம் என்றால், அகலத்தையும் ஆஃப்செட்டையும் (சக்கரம் எவ்வளவு உள்ளே, வெளியே தள்ளி நிற்கிறது என்ற அளவு) தோற்றத்துக்காக இழுத்து விடுவதில் அர்த்தமே இல்லை. கம்பெனி அளவை ஒட்டிய, குறுகலான, சாதாரண ரிம்தான் காட்டில் அதிகம் உழைக்கும்.

ஹப்பை அளங்கள்

ஸ்டெப்னியைக் கழற்றி வைத்துக்கொண்டு ஒரு வெர்னியரும் ஸ்டீல் ஸ்கேலும் எடுங்கள். தேவையான முதல் எண் பி.சி.டி., அதாவது ஸ்டட்டுகளின் மையங்கள் வழியாக ஓடும் வட்டத்தின் விட்டம். ஆறு ஸ்டட் வண்டியில் எதிரெதிர் ஓட்டைகளின் மையத் தூரமே பி.சி.டி. ஐந்து ஸ்டட்டில் எதிரில் ஓட்டை இருக்காது. அங்கே அடுத்தடுத்த இரண்டு ஓட்டைகளின் மையத் தூரத்தை அளந்து 1.7013 ஆல் பெருக்க வேண்டும். மையத்தைத் தேடி அல்லாட வேண்டாம். ஒரு ஓட்டையின் இடது விளிம்பிலிருந்து அடுத்த ஓட்டையின் இடது விளிம்பு வரை அளந்தால் அதுவே மையத்திலிருந்து மையம். 82.1 மி.மீ. வந்தால் பி.சி.டி. 139.7. 74.6 வந்தால் 127, அதாவது ஜீப் ராங்லர். 67.2 வந்தால் 114.3.

மாருதியின் ஜிம்னி, ஜிப்சி, வில்லீஸ் வழி வந்த பழைய ஜீப்புகள் எல்லாமே 5×139.7. ஃபார்ச்சூனர், ஹைலக்ஸ், இசுசு வி-கிராஸ், ஃபோர்டு எண்டவர் 6×139.7. எண் ஒன்றாக இருப்பதால் ரிம்மும் ஒன்றுதான் என்று நினைத்துவிட வேண்டாம். கடைக்காரர் சொல்லாமல் விடுவது இரண்டாம் எண்ணை: நடு ஓட்டையின் விட்டம், அதாவது சென்டர் போர். ஃபார்ச்சூனரின் ஹப் 106.1 மி.மீ., வி-கிராஸ் 100 மி.மீ.யை ஒட்டி, எண்டவர் 93.1. ஃபார்ச்சூனர் ரிம் வி-கிராஸில் ஏறும், ஆனால் ஹப்பைச் சுற்றி இடைவெளி விட்டு நிற்கும். வி-கிராஸுக்குச் செய்த ரிம் ஃபார்ச்சூனரில் ஏறவே ஏறாது.

ஜிம்னியிலும் ஜிப்சியிலும் ஹப் வெளியே துருத்திக்கொண்டு நிற்பதால் போர் 108 மி.மீ. வேண்டும். இங்கேதான் ஒரு வம்பு. அமெரிக்கப் பிக்கப்புகளுக்கென்று 5×139.7இல் வரும் இறக்குமதி ரிம்களில் பலவற்றின் போர் 78 மி.மீ. அளவில்தான் இருக்கும். "லேத்துல கடைஞ்சு குடுத்துடறேன்" என்பார்கள். கணக்குப் பாருங்கள்: பி.சி.டி. வட்டத்தின் ஆரம் 69.85, 108 போரின் ஆரம் 54. நடுவில் 16 மி.மீ. தகடுதான் மிச்சம், அதிலும் பெரும்பகுதியை நட் உட்காரும் குழி தின்றுவிடும். 108க்கு என்றே பிரஸ்ஸில் அடித்த தகட்டில் அந்த விளிம்பு வளைத்துப் பலப்படுத்தப்பட்டிருக்கும். கடைந்ததில் அது இருக்காது, வெறும் வெட்டு விளிம்புதான். நட் ஓட்டையிலிருந்து விரிசல் கிளம்ப அதுவே போதும்.

போர் கொஞ்சம் பெரிதாக இருப்பது அவ்வளவு பெரிய குற்றம் இல்லை. இரும்பு ரிம்மைப் பெரும்பாலும் கூம்பு நட்டுகளே மையப்படுத்தும். சக்கரத்தைத் தூக்கி வைத்தபடியே சரியான வரிசையில் முறுக்க வேண்டும், அவ்வளவுதான்.

தாங்கும் எடை

ஆர்.சி.யில் லேடன் வெயிட் என்று ஒரு எண் இருக்கும். ஐந்து கதவு ஜிம்னிக்கு 1,545 கிலோ. அதை நான்கால் வகுத்து 386 என்று நிம்மதியாக இருக்கக் கூடாது. கூடாரம், தண்ணீர் கேன், பின் சீட்டில் மூன்று பேர் என்று ஏறினால் எடை பின்னால் சாயும். 60 சதவீதம் பின் அச்சில் இறங்குகிறது என்று வைத்தால் 927 கிலோ, ஒரு சக்கரத்துக்கு 464. குதித்து இறங்கும்போது இது இன்னும் ஏறும். சுலபமான அளவுகோல் இது: ரிம்மின் லோட் ரேட்டிங் உங்கள் டயரின் லோட் இண்டெக்ஸுக்கு (டயர் தாங்கும் எடையைக் குறிக்கும் எண்) கீழே போகக் கூடாது. ஜிம்னியோடு வரும் 195/80 ஆர்15 (195 மி.மீ. அகலம், அதில் 80 சதவீதம் பக்கச்சுவர் உயரம், 15 அங்குல ரிம்) டயரின் இண்டெக்ஸ் 96, அதாவது 710 கிலோ. ரிம்மில் எடை எண்ணே பொறிக்கவில்லை என்றால் அதைக் கடையிலேயே விட்டுவிடுங்கள்.

டயரை முடிவு செய்த பிறகு அகலம்

பலர் ரிம்மை வாங்கிவிட்டு அதற்கு டயர் தேடுகிறார்கள். தலைகீழ் வேலை. டயர் அளவு தீர்மானமானால் ரிம் அகலம் தானே ஒரு வரம்புக்குள் வந்துவிடும்.

215/75 ஆர்15க்கு அனுமதிக்கப்பட்ட அகலம் 5.5 முதல் 7 அங்குலம் வரை. நிலையான அளவு 6. 235/75 ஆர்15க்கு 6 முதல் 8, நிலையான அளவு 6.5. 30×9.5 ஆர்15க்கு 6.5 முதல் 8.5. 31×10.5 ஆர்15க்கு 7 முதல் 9. மஹிந்திரா தாரின் கீழ் வகையில் இரும்பு ரிம்மோடு வந்த 245/75 ஆர்16க்கு 6.5 முதல் 8.

வரம்பின் கீழ்ப் பாதியில் நில்லுங்கள். குறுகலான ரிம்மில் டயரின் பக்கச்சுவர் ரிம் விளிம்பைத் தாண்டி வெளியே பிதுங்கி நிற்கும். கல் முதலில் ரப்பரில் படும். காற்றைக் குறைத்து ஓட்டும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்று வராமல் பிடித்துக்கொள்வதும் குறுகல் ரிம்தான். அகல ரிம்மில் டயர் இழுத்து விரித்தது மாதிரி நிற்கும், ரிம் உதடு வெளியே தெரியும், முதல் பாறையிலேயே அடி ரிம்மில் விழும். ஜிம்னியில் 215/75க்கு 6 அங்குலம் போதும். கடைகளில் அதிகம் தொங்குவது 15×7உம் 15×8உம்தான் என்பது வேறு விஷயம்.

டயர் விட்டத்தையும் பார்த்துவிடுங்கள். 195/80 ஆர்15 என்றால் 693 மி.மீ., 215/75 என்றால் 703.5, 235/75 என்றால் 733.5. கடைசி அளவைப் போட்டால் ஸ்பீடோமீட்டர் கணக்கில் 5.8 சதவீதம் மாறும்: முள் 80 காட்டும்போது பழைய டயரில் ஓடியதை விட அந்த அளவு கூடுதல் வேகத்தில் போய்க்கொண்டிருப்பீர்கள். 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் இந்தப் பெரிய டயரை உருட்டச் சிரமப்படுவதைச் சக்லேஷ்பூர் ஏற்றத்தில் உணரலாம்.

ஆஃப்செட்: பணம் வீணாகும் இடம்

ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் பதியும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதே ஆஃப்செட். முகம் வெளிப்பக்கம் இருந்தால் பிளஸ், உட்பக்கம் இருந்தால் மைனஸ். மைனஸ் கூடக் கூட டயர் வெளியே வரும். ஜிம்னியின் கம்பெனி ரிம் 15×5.5, ஆஃப்செட் பிளஸ் 5.

சொன்ன எண்ணை நம்பாமல் கடையிலேயே அளந்துவிடலாம். ரிம்மை அதன் வெளிப்பக்கம் கீழே இருக்குமாறு படுக்க வையுங்கள். மேலே வந்த பின் விளிம்பின் குறுக்கே நேரான கட்டையையோ ஸ்கேலையோ வைத்து, அங்கிருந்து ஹப் பதியும் முகம் வரை ஆழத்தை அளங்கள். அது பேக்ஸ்பேசிங். பிறகு உதட்டிலிருந்து உதடு வரை ரிம்மின் முழு அகலத்தை அளங்கள். இது பொறித்த அகலத்தை விடச் சுமார் ஒரு அங்குலம் கூடுதலாக இருக்கும். ஏனென்றால் பொறித்த எண் டயர் உட்காரும் இடத்தின் அகலம் மட்டுமே. முழு அகலத்தில் பாதியைப் பேக்ஸ்பேசிங்கிலிருந்து கழித்தால் ஆஃப்செட். உதாரணமாக 15×7 ரிம்மில் முழு அகலம் 203, ஆழம் 87 என்றால் 87 கழித்தல் 101.5. அதாவது மைனஸ் 14.5, அதை மைனஸ் 15 என்று விற்பார்கள். இதே ரிம்மைச் சிலர் "நாலு இன்ச் பேக்ஸ்பேஸ்" என்று விற்பதும் உண்டு. நாலு அங்குலம் 101.6 மி.மீ.; அப்படியானால் அது ஆஃப்செட் பூஜ்யம். இந்த இடைவெளியைக் கண்டுபிடிக்கத்தான் ஸ்கேல்.

இப்போது ஜிம்னியில் மூன்று ரிம்களை மாட்டிப் பார்ப்போம், காகிதத்தில். கம்பெனி ரிம்மில் ஹப் முகத்திலிருந்து உள்ளே 75 மி.மீ., வெளியே 65 மி.மீ. 15×6 பூஜ்ய ஆஃப்செட் போட்டால் இரண்டு பக்கமும் 76: உள்ளே ஒன்றரை மி.மீ.கூட நகரவில்லை, வெளியே 11 வந்திருக்கிறது. நல்ல தேர்வு. 15×7 மைனஸ் 15 போட்டால் உள்ளே 74, வெளியே 104: உள்பக்கம் கம்பெனி அளவே, வெளிப்பக்கம் 39 மி.மீ. துருத்தல். வீல் ஆர்ச் பிளாஸ்டிக்கைத் தாண்டி டயர் எட்டிப் பார்க்கத் தொடங்கும். 15×8 மைனஸ் 20 போட்டால் உள்ளே 82, வெளியே 122. வெளியே 57 மி.மீ. துருத்துவது மட்டுமில்லை, உள்ளேயும் 7 மி.மீ. நுழைகிறது, அகலமான டயரோடு முழு ஒடிப்பில் ரேடியஸ் ஆர்மை (அச்சை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் தண்டு) உரசும். கடையில் அழகாகத் தெரிவது இந்த மூன்றாவதுதான்.

வெளியே தள்ளினால் என்ன குடி முழுகிப் போகும்? டயர் தரையைத் தொடும் மையம், ஸ்டீயரிங் திரும்பும் அச்சிலிருந்து விலகுகிறது. பள்ளத்தில் விழும் ஒவ்வொரு அடியும் நெம்புகோல் வைத்தது போல ஸ்டீயரிங்கைக் கையிலிருந்து பிடுங்கும். வீல் பேரிங்கும் கிங்பின் (முன் சக்கரம் திரும்பும் முளை) பேரிங்கும் சீக்கிரம் தேயும். முன்னால் முழு அச்சு உள்ள ஜிப்சி, ஜிம்னி வகை வண்டிகளில் கிங்பின் கொஞ்சம் தேய்ந்திருந்தாலே 60, 70 வேகத்தில் ஸ்டீயரிங் படபடவென ஆடத் தொடங்கும். மைனஸ் ஆஃப்செட் அந்த ஆட்டத்தைப் பெரிதாக்கும். ஸ்டீயரிங் டேம்பர் மாற்றி, அலைன்மெண்ட் பார்த்து, பேலன்சிங் பார்த்து எல்லாம் செய்தும் ஆட்டம் நிற்கவில்லை என்றால் ரிம்மைச் சந்தேகியுங்கள். சேறு கதவுக் கைப்பிடி வரை தெறிப்பதெல்லாம் போனஸ்.

கம்பெனி ரிம்மிலேயே ஸ்பேசர் (ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே வைக்கும் தடித்த தகடு) போட்டு வெளியே தள்ளினாலும் இதே கதிதான், கூடவே இறுக்கிச் சரிபார்க்க இன்னொரு சுற்று நட்டும் சேர்ந்துகொள்ளும்.

பிரேக்கும் சேறும்

அலாயிலிருந்து இரும்புக்கு மாறுகிறவர்கள், குறிப்பாக அங்குலத்தைக் குறைக்கிறவர்கள், பிரேக் கேலிப்பருக்கும் (டிஸ்க்கைக் கவ்வும் பகுதி) ரிம்மின் உட்புறத்துக்கும் நடுவே குறைந்தது 3 மி.மீ. இருக்கிறதா என்று டயர் ஏற்றும் முன் வெறும் ரிம்மை மாட்டிச் சுற்றிப் பார்க்க வேண்டும். பேலன்சிங்குக்காக ஒட்டும் ஈயக்கட்டி அந்த இடைவெளியைத் தின்னும் என்பதால் விளிம்பில் கிளிப் போட்டு அடிக்கும் வகையைக் கேளுங்கள். இரும்பு ரிம்மில் அது வசதியாக நிற்கும்.

ரிம் முகத்தில் சின்னச் சின்ன ஓட்டைகள் உள்ளதை விடப் பெரிய ஜன்னல் உள்ளது மேல். செம்மண் சேறு உள்ளே அப்பிக் காய்ந்தால் நெடுஞ்சாலையில் பேலன்சிங் போன மாதிரியே வண்டி உதறும். பெரிய ஜன்னல் வழியாகத் தண்ணீர் பீய்ச்சி ஐந்து நிமிடத்தில் கழுவிவிடலாம்.

கையில் எடுத்துப் பார்க்கும்போது

வால்வு ஓட்டையிலிருந்து தொடங்குங்கள். அதன் அருகிலோ நடுத் தகட்டிலோ அளவு, விளிம்பு வகை, ஆஃப்செட், தயாரிப்புத் தேதி, செய்தவர் முத்திரை பொறித்திருக்க வேண்டும். பயணிகள் கார் இரும்பு ரிம்முக்கான இந்தியத் தர எண் ஐ.எஸ். 9436, அதோடு ஐ.எஸ்.ஐ. முத்திரையைத் தேடுங்கள். ஸ்டிக்கரில் இருப்பது கணக்கில்லை, இரும்பில் இருக்க வேண்டும். வால்வு ஓட்டை 11.3 மி.மீ.யை ஒட்டி வட்டமாக இருந்தால் சாதாரண டியூப்லெஸ் வால்வு உட்காரும். நீள்வட்டமாகவோ பிளவு போலவோ இருந்தால் அது டியூப் போடும் காலத்து ரிம். உட்புறம் டயர் உட்காரும் இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். விளிம்பிலிருந்து உள்ளே வரும்போது ஒரு மேடு தட்டுப்பட வேண்டும். அந்த மேடுதான் காற்றுக் குறைந்தாலும் டயர் நழுவாமல் தடுப்பது. மேடு இல்லாத ரிம்மில் டியூப்லெஸ் டயர் போட்டுக் காற்றைக் குறைத்து ஓட்டுவது வினையை விலைக்கு வாங்குவது. பழைய ஜீப் ரிம்கள் சிலவற்றில் தகடும் வளையமும் ரிவெட் அடித்துச் சேர்த்திருக்கும். அந்த ரிவெட் வழியே காற்று கசியும்.

அடுத்து வெல்டிங். நடுத் தகடு வளையத்தோடு சேரும் இடத்தில் தையல் ஒரே அகலத்தில், குழியும் குமிழும் இல்லாமல் ஓட வேண்டும். வளையத்தின் உட்புறத்தில் குறுக்காக ஒரே ஒரு வெல்டிங் கோடு இருப்பது இயல்பு. தகட்டை வளைத்துச் சேர்த்த இடம் அது. சுற்றிலும் வட்டமாக ஒரு வெல்டிங் கோடு ஓடினால் எச்சரிக்கை: கம்பெனி ரிம்மை நடுவில் அறுத்து, பட்டை வைத்து அகலப்படுத்தியது. மேலே கனமாகப் பெயிண்ட் அடித்திருப்பார்கள், ஆனால் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் கோடு தெரிந்துவிடும். சிவாஜிநகர் குஜரியில் (பழைய சரக்குச் சந்தை) "வைட் டிஸ்க்" என்று கிடைப்பவற்றில் இது உண்டு. மயிரிழை ஓட்டைகள் வழியே மெதுவாகக் காற்று இறங்கும், வட்டம் கெட்டிருக்கும், ஒருநாள் பள்ளத்தில் தையலோடு பிளக்கும்.

பழைய ரிம் என்றாலே கெட்டது என்றும் இல்லை. ஜிம்னியின் ஜீட்டா வகை இரும்பு ரிம்மோடுதான் வருகிறது. தாரின் கீழ் வகையும் அப்படியே. வாங்கிய வாரமே அலாய்க்கு மாறுகிறவர்கள் கழற்றிப் போடும் அந்த செட்தான் சந்தையில் நம்பிக்கையான சரக்கு. அளவு கச்சிதம், தரம் கம்பெனித் தரம். அதே வண்டியின் அதே தலைமுறையிலிருந்து எடுத்ததா என்று மட்டும் பாருங்கள்.

பழையதில் முதலில் பார்க்க வேண்டியது நட் ஓட்டைகளை. ஓட்டையிலிருந்து கதிர் மாதிரி வெளிப்பக்கம் ஓடும் மெல்லிய துருக்கோடு இருந்தால் அது அழுக்கு இல்லை, விரிசல். உள்ளே நீர் போய்த் துரு வெளியே வழிகிறது. பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்துவிட்டு விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் சிக்கினால் ரிம் காயலான் கடைக்கு. ஓட்டை முட்டை வடிவத்தில் விரிந்திருந்தால் யாரோ தளர்ந்த நட்டோடு ஓட்டியிருக்கிறார்கள், அதுவும் வேண்டாம்.

கடைசியாக பேலன்சிங் மெஷினில் வெறும் ரிம்மை மாட்டிச் சுற்றச் சொல்லுங்கள். டயல் கேஜ் இல்லாவிட்டால் ஒரு ஸ்க்ரூ டிரைவர் முனையை விளிம்புக்கு அருகில் அசையாமல் நிறுத்தினாலே இடைவெளி கூடிக் குறைவது கண்ணுக்குத் தெரியும். ஒரு மி.மீ.க்குள் ஆடினால் எடுக்கலாம். ஒன்றரையைத் தாண்டினால் மாற்றிக் கேளுங்கள். டயர் ஏற்றிய பின் ஒரு பக்கத்துக்கு 100 கிராமுக்கு மேல் ஈயம் கேட்டால், டயரை ரிம்மில் அரைச் சுற்றுத் திருப்பி உட்கார வைத்து மறுபடி பார்க்கலாம். அப்போதும் குறையவில்லை என்றால் கோளாறு ரிம்மில் இருக்கவே வாய்ப்பு அதிகம்.

பீட்லாக் ரிம்களை, அதாவது டயர் விளிம்பைப் போல்ட் வளையத்தால் இறுக்கிப் பிடிக்கும் ரிம்களைப் பற்றி ஒரு வரி: விளிம்பைச் சுற்றி போல்ட் தலைகளை வெறும் அலங்காரமாக ஒட்டிய போலி வகைகள் நிறைய. அசல் வகையானாலும் ஒவ்வொரு போல்ட்டையும் அடிக்கடி டார்க் ரெஞ்சில் (இறுக்கத்தை அளந்து முறுக்கும் ஸ்பேனர்) சரிபார்க்க வேண்டும். வார இறுதியில் சேற்றில் இறங்கித் திங்கட்கிழமை ஆபீஸ் போகும் வண்டிக்கு இது தேவையில்லாத சுமை.

நட்

அலாயில் இருந்த நட்டையே இரும்பு ரிம்முக்கும் போட்டுவிடுவதுதான் சக்கரம் கழன்று போவதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. இரும்பு ரிம்மின் குழி பொதுவாக 60 டிகிரி கூம்பு. டொயோட்டா அலாய்கள் பலவற்றில் தட்டை வாஷரோடு வரும் நட்டு. அது கூம்புக் குழியில் விளிம்பை மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும். உருண்டை அடி நட்டும் அப்படியே. பொருந்துகிறதா என்று பார்க்க வழி எளிது: நட்டின் கூம்பில் மார்க்கர் பேனாவால் மை தடவி, இறுக்கி, கழற்றுங்கள். மை சுற்றிலும் சீராக அழிந்திருந்தால் சரி. ஒரு கோடாக மட்டும் அழிந்திருந்தால் நட்டு தவறு.

இன்னொரு கண்ணி பலருக்குத் தெரியாது. இரும்புத் தகடு அலாயை விட மெல்லியது. அதனால் ஸ்டட் அதிக நீளம் வெளியே வரும். தலை மூடிய நட்டுப் போட்டால், கூம்பு குழியை அழுத்தும் முன்பே ஸ்டட் முனை நட்டின் மூடியில் போய் முட்டிவிடும். ஸ்பேனருக்கு நல்ல இறுக்கமாகத் தெரியும்; டார்க் ரெஞ்சும் கிளிக் அடிக்கும்; ரிம் மட்டும் தளர்வாக இருக்கும். மூடிய நட்டுக்குள் பட்டாணி அளவு ஈரக் களிமண் வைத்து இறுக்கிக் கழற்றிப் பாருங்கள். களிமண் ஒட்டுமொத்தமாக நசுங்கி இரும்பு தெரிந்தால் முட்டுகிறது. திறந்த முனை நட்டுக்கு மாறிவிட்டால் இந்தக் கவலையே இல்லை.

நட்டு ஸ்டட்டில் எவ்வளவு ஏறுகிறது என்பதற்கும் கணக்கு உண்டு: குறைந்தது ஸ்டட்டின் விட்டம் அளவு. ஜிம்னியின் ஸ்டட் எம்12 (12 மி.மீ. விட்டம்), பிட்ச் 1.25 (ஒரு சுற்றுக்கு 1.25 மி.மீ. ஏறும்), ஆகவே பத்துச் சுற்று. எம்12, பிட்ச் 1.5 என்றால் எட்டு. எம்14, பிட்ச் 1.5 என்றால் ஒன்பதரை. 1.25 ஸ்டட்டில் 1.5 நட்டு ஒன்றிரண்டு சுற்று ஏறிவிட்டுத்தான் இறுகும். அங்கே ஏர் கன்னை வைத்தால் மரை போனது போனதுதான். முதல் நான்கு சுற்றைக் கையாலேயே ஏற்றச் சொல்லுங்கள்.

பீன்யா தொழிற்பேட்டையில் கொடுத்துப் பவுடர் கோட்டிங் செய்கிறவர்கள் ஒன்றைச் சொல்லியே கொடுக்க வேண்டும்: ஹப் பதியும் முகத்திலும் நட் குழியிலும் கோட்டிங் ஏறக் கூடாது, டேப் ஒட்டி மறைக்க வேண்டும். அங்கே தடித்த பூச்சு இருந்தால் ஓட ஓட அது நசுங்கும். நசுங்கிய அளவுக்கு நட்டு தளரும்.

இறுக்கும் அளவு ஜிம்னிக்கு 100 நியூட்டன் மீட்டர். மற்ற வண்டிகளுக்குக் கையேட்டைப் பாருங்கள். ஒரே வண்டியில் அலாய்க்கும் இரும்புக்கும் வெவ்வேறு எண் தந்திருக்கும் கையேடுகளும் உண்டு. ஒன்று விட்டு ஒன்றாக, நட்சத்திர வரிசையில், இரண்டு தவணையாக முறுக்குங்கள். மரையில் எண்ணெய் வேண்டாம். எண்ணெய் இருந்தால் அதே டார்க்கில் ஸ்டட் அதிகமாக இழுபடும்.

சட்டம்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அடிப்படை விவரங்களிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதைக் கறாராகவே உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் விதிக்கலாம். அந்த மாடலின் ஏதாவது ஒரு வகைக்குக் கம்பெனியே கொடுத்த ரிம் அளவுக்குள் நிற்பது பாதுகாப்பு. வீல் ஆர்ச்சுக்கு வெளியே டயர் துருத்தினால் போலீசும் நிறுத்துவார், இன்சூரன்ஸ் சர்வேயரும் குறித்துக்கொள்வார். மாற்றியதை இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்து, பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

மாட்டிய பிறகு

முதல் 100 கிலோமீட்டரில் ஒருமுறை, 500இல் ஒருமுறை எல்லா நட்டையும் டார்க் ரெஞ்சில் பாருங்கள். அதற்கு முன் காட்டுப் பாதையில் இறங்க வேண்டாம். வீட்டுத் தெருவிலேயே ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுதாக ஒடித்து, ஒரு முன் சக்கரத்தை மேட்டில் ஏற்றி, டயருக்கும் பம்பர், ரேடியஸ் ஆர்ம், பிரேக் ஹோஸ் மூன்றுக்கும் இடையே கை விட்டுப் பாருங்கள். உரசிய இடம் ரப்பர் கறுப்பாகப் பளபளக்கும்.

விளிம்பு வளைந்தால் டயரைக் கழற்றிவிட்டு, கட்டை வைத்துச் சுத்தியலால் குளிர்ந்த நிலையிலேயே நிமிர்த்துங்கள். கேஸ் வெல்டிங் நெருப்பில் சிவக்கக் காய்ச்சி நிமிர்த்தித் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். அந்த இடம் பலம் இழந்து அடுத்த அடியில் இன்னும் எளிதாக மடங்கும். நடுத் தகட்டில் விரிசல் வந்தால் வெல்டிங் வைப்பதே கிடையாது, ரிம்மை மாற்றத்தான் வேண்டும். டயர் மாற்றும் ஒவ்வொரு முறையும் டயர் உட்காரும் இடத்துத் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பிரைமர் அடித்துவிடுங்கள். காரணம் தெரியாமல் வாரத்துக்கு நான்கைந்து பி.எஸ்.ஐ. இறங்குவது பெரும்பாலும் இந்தத் துருவால்தான். பஞ்சர் கடையில் தண்ணீர்த் தொட்டியில் முக்கினால் விளிம்பு நெடுகப் பொடிக் குமிழ்கள் வரும்.

நான்கு அல்ல, ஐந்து ரிம் வாங்குங்கள். நான்கு சக்கர ஓட்டத்தில் ஒரு சக்கரம் மட்டும் விட்டம் மாறி இருந்தால் டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் அச்சுகளுக்கு விசையைப் பிரிக்கும் பெட்டி) முறுக்கிக்கொள்ளும். ஐந்தாவதைப் பின் கதவு ஸ்டெப்னி தாங்கியில் மாட்டிக் கதவை மூடித் திறந்து பாருங்கள்: உள்பக்கம் ஆழம் கூடிய ரிம் என்றால் டயர் கதவுத் தகட்டில் அழுந்தும், அகலமும் எடையும் கூடியது என்றால் கதவுக் கீல் தொங்கத் தொடங்கும். ஸ்டெப்னி தாங்கியின் நட்டும் உங்கள் புதுச் சக்கர நட்டும் ஒரே ஸ்பேனரில் கழலுகின்றனவா என்பதையும் அங்கேயே, வெளிச்சத்தில் சரிபார்த்துவிடுங்கள்.